அன்றாடங்காய்ச்சி இன்ஜின்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது, எட்டாவது வளைவில் என் மாருதி 800 இரண்டாம் கியரில் முனக ஆரம்பித்ததும், யாரும் யாருக்கும் சொல்லாமலே வண்டிக்குள் ஒரு வேலை நடக்கும். மனைவி கையை நீட்டி ஏசியை அணைப்பாள். பின்சீட்டில் பையன்கள் கண்ணாடியை இறக்குவார்கள். ஏசி நின்ற அந்த நொடியில், பின்னாலிருந்து யாரோ கை வைத்துத் தள்ளினாற்போல வண்டி ஓர் எம்பு எம்பும்.

தள்ளியது யாருமில்லை. ஏசி கம்ப்ரஸர் விட்டுக்கொடுத்த 3, 4 குதிரைத்திறன்தான் அது. இன்ஜினின் மொத்தச் சொத்தே 37 குதிரைத்திறன் சொச்சம். அதில் பத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தால் தெரியாமல் இருக்குமா? வண்டியின் எடை ஏறக்குறைய 650 கிலோ. ஆளுக்கு 65 கிலோ என்று ஐந்து பேர் ஏறினால் 325 கிலோ; அதாவது வண்டி தன்னில் பாதியைத் தலையில் சுமந்துகொண்டு மலையேறுகிறது. பெரிய இன்ஜின் கார் குதிரில் நெல் வைத்திருக்கும் வீடு. இது அன்றாடங்காய்ச்சி. வந்ததை அன்றைக்கே செலவழித்துவிடும், மிச்சம் கிடையாது. பழைய சின்ன கார் வைத்திருப்பதன் சுகமும் சங்கடமும் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன என்பது பதினோரு வருஷம் இதை ஓட்டிய பிறகு எனக்கு விளங்கியது.

800 என்று பெயர் இருந்தாலும் இன்ஜினின் அளவு 796 சிசி. சிலிண்டரின் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மி.மீ., அப்படி மூன்று சிலிண்டர். ஒவ்வொன்றும் சுமார் 265 சிசி. ஒரு பெரிய டம்ளர் காபிதான் கொள்ளும். வண்டியின் உடம்பு இவ்வளவு சின்னதாக இருப்பதற்குக் காரணம் ஜப்பான் சட்டம். அங்கே 'கே கார்' என்று ஒரு ஜாதி உண்டு. நீளமும் அகலமும் இன்ஜினும் ஓர் எல்லைக்குள் இருந்தால் வரியில் சலுகை. 1976-ல் அந்த எல்லையை 550 சிசி, 3.2 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம் என்று விரித்தார்கள். 1979-ல் சுஸுகி அந்த அளவுக்குள் ஆல்ட்டோவைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பதால், அதே கூட்டுக்குள் 796 சிசி இன்ஜினை வைத்தார்கள். சின்னப் பையன் சட்டைக்குள் கொஞ்சம் வளர்ந்த பையன். நமக்கு வந்தது இவன்தான்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். நாம் எல்லோரும் மனதில் வைத்திருக்கும் அந்தச் சப்பை மூஞ்சி உருவம் 1986-ல் வந்தது. மாருதிக்கு முன் நம் சாலைகளில் அம்பாஸடர், பிரீமியர் பத்மினி, மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பத்மினியே 900 கிலோவுக்குப் பக்கம். அம்பாஸடரின் ஸ்டியரிங்கை ஒடித்துப் பழகிய கைகளுக்கு, 4.4 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் திரும்பிவிடும் இந்த வண்டி பொம்மை மாதிரி இருந்திருக்கும். 2014 ஜனவரி 18-ல் உற்பத்தி நின்றபோது 28 லட்சத்துக்கு மேல் செய்திருந்தார்கள். உதிரி பாகம் இன்றும் சின்ன ஊரில்கூடக் கிடைப்பதற்கு இந்த எண்ணிக்கைதான் காரணம். பழைய கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அழகை அல்ல, இதை. லட்சக்கணக்கில் விற்ற வண்டியை வாங்குங்கள்; ஆயிரக்கணக்கில் விற்றதை வாங்கினால் ஒரு கதவுக் கைப்பிடிக்காக ஆறு மாதம் அலைவீர்கள்.

வண்டியை ஸ்டார்ட் செய்து சும்மா நிறுத்தினால் கியர் ராடின் தலை ஆடிக்கொண்டே இருக்கும். புதிதாக ஏறுகிறவர்கள் 'ஏதோ லூஸாயிருக்கு' என்பார்கள். ஒன்றும் லூஸில்லை. நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கும், தராசு மாதிரி. மூன்றில் அந்த ஜோடிக் கணக்கு உதைக்கிறது. கிராங்க் 240 டிகிரி சுற்றினால் ஒரு வெடிப்பு. ஒரு முனைப் பிஸ்டன் மேலே தூக்கும்போது மறுமுனை வேறெங்கோ இருக்கிறது. அதனால் இன்ஜின் ஏற்ற இறக்கப் பலகை போல நீளவாக்கில் ஆடும். அதை ரப்பர் மவுண்ட்கள் வாங்கிக்கொள்கின்றன. மவுண்ட் ரப்பர் இறுகிப்போனால் அந்த ஆட்டம் அப்படியே சீட்டுக்கு வரும். அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

சிலிண்டர் மூன்றே என்பதில் இன்னொரு விசேஷம், நோய் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு பிளக் செத்தால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வண்டி நொண்டுவதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். நம் ஊரில் இதற்குப் பெயர் 'மிஸ்ஸிங்'. எங்கள் மெக்கானிக் இதைக் கண்டுபிடிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் கேப்களை ஒவ்வொன்றாகத் தூக்குவார். முதல் கேப்பைத் தூக்கியதும் சத்தம் தடுமாறும். அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. இரண்டாவது, தடுமாறும். மூன்றாவதைத் தூக்கும்போது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் பிடிபட்டான் திருடன். வேலைக்கு வராதவனை வீட்டுக்கு அனுப்பினால் கடைக்கு என்ன நஷ்டம்? கம்ப்யூட்டர் ஒட்டிப் பார்க்காமல் இரண்டு நிமிடத்தில் வைத்தியம் முடிந்தது.

என்னுடையது 1996 மாடல், கார்புரேட்டர் வண்டி. கொசு மருந்து அடிக்கும் பழைய பம்ப் நினைவிருக்கிறதா? கைப்பிடியை அழுத்தினால் குழாய் வழியாகக் காற்று வேகமாகப் பாயும்; அது பாயும் இடத்தில் அழுத்தம் குறையும்; கீழே டப்பாவிலிருக்கும் மருந்து தானாக மேலேறித் தூறலாகும். கார்புரேட்டர் அதே தந்திரம்தான். பிஸ்டன் காற்றை உறிஞ்சுகிறது. குறுகிய கழுத்து வழியாக அந்தக் காற்று விரைகிறது. ஊசித் துளை போன்ற ஜெட் வழியாக பெட்ரோல் எழும்பிக் கலக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது நல்ல கலவை. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோலில் பாதி சுவரில் ஒட்டிக்கொண்டு ஆவியாகாது. அதனால் காலையில் சோக் குமிழை இழுத்துக் காற்றின் வழியைச் சாத்தி, பெட்ரோல் கூடுதலாகக் கலக்க வைக்கிறோம். இழுத்து, ஸ்டார்ட் செய்து, சத்தம் சீரானதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். மார்கழியில் ஒரு கணக்கு, சித்திரையில் ஒரு கணக்கு. காதுதான் மீட்டர். தள்ள மறந்துவிட்டால் கறுப்புப் புகையும் பெட்ரோல் வாசனையும் தெருவுக்கே சொல்லும்.

சுகம் என்று நான் சொல்வது இந்தப் பேச்சுவார்த்தையைத்தான். ஆனால் கை அரிப்பெடுத்து கார்புரேட்டரில் உள்ள திருகுகளைத் திருகுகிறவர்கள் உண்டு. நானும் ஒருநாள் யாரோ சொன்னார்களென்று மைலேஜுக்காகக் கால் திருப்பு திருப்பினேன். மறுநாள் மெக்கானிக் மூடியைத் திறந்த உடனே நிமிர்ந்து பார்த்தார். "சாமி, வண்டி உங்களுது, ஓட்டுங்க. இந்த ஸ்க்ரூ என்னுது" என்றார். அதற்குப் பிறகு தொடவில்லை.

பழைய வண்டியைக் கொல்வது ஓட்டமல்ல, ஓய்வு. ஒருமுறை மூன்று மாதம் உறை போட்டு நிறுத்திவைத்தேன், பத்திரமாக இருக்கட்டும் என்று. ஜெட்டுகளுக்குள் பெட்ரோல் வற்றிப் பிசினாகியிருந்தது. பின்சக்கரத்து பிரேக் இறுகியிருந்தது. பேட்டரி படுத்துவிட்டது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் தேங்காய் நாரும் சீட்டிலிருந்து கடித்த பஞ்சும் வைத்து எலி ஒரு பிரசவ அறையே கட்டியிருந்தது. இப்போது வேலை இருக்கிறதோ இல்லையோ, வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன்.

இந்த வண்டிகளின் பெரிய எமன் சூடு. கொஞ்சம் தண்ணீர், சின்ன ரேடியேட்டர். இங்கேயும் மிச்சம் கிடையாது. குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி முந்தின உரிமையாளர்கள் உள்ளே உப்பும் துருவும் படியவைத்திருப்பார்கள். நான் வாங்கியபோது தெர்மோஸ்டாட்டே இல்லை. இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மறிக்கும் சின்னக் கதவு அது. 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு' என்று ஏதோ ஒரு பட்டறையில் கழற்றி எறிந்திருக்கிறார்கள். இது நம் ஊரில் பரவலான வைத்தியம், தப்பான வைத்தியமும்கூட. இன்ஜின் வெகுநேரம் ஆறியே ஓடும். ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவும். ரிங் தேயும், மைலேஜ் போகும். போதாததற்கு, ரேடியேட்டர் அடைத்திருப்பதையும் அது கொஞ்ச காலம் மறைத்துவைக்கும். ஒருநாள் டிராஃபிக்கில் முள் எகிறும்போது கவனிக்காமல் ஓட்டினால் அலுமினிய ஹெட் வளையும், நடுவிலிருக்கும் கேஸ்கெட் போகும், தண்ணீரும் ஆயிலும் கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் பால் காபி நிறத்தில் பசை இருந்தால் ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். வாங்கப்போகும் வண்டியில் அதைக் கண்டால் டீயை மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். குறுகிய தூரம் மட்டும் ஓடிய வண்டியில் வெறும் ஈரக்காற்று படிந்தும் கொஞ்சம் இப்படித் தெரியலாம். கூடவே தண்ணீரும் குறைகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்ஜின் கோளாறு எதுவாக இருந்தாலும் செலவுக்கு ஓர் எல்லை உண்டு. துருவுக்கு இல்லை. 650 கிலோவில் ஒரு காரைச் செய்ய வேண்டுமென்றால் தகடு மெல்லியதாகத்தான் இருக்கும். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, தகட்டுக் கூடுதான் எலும்பும் தோலும். விற்கிறவர் பாலிஷ் போட்டு நிறுத்தியிருக்கும்போது நீங்கள் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒட்ட வேண்டிய இடத்தில் அது வழுக்கினால் பெயின்டுக்கு அடியில் இருப்பது இரும்பல்ல, பட்டி. நான் இதையெல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். வலது கதவின் அடியை மட்டும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். ஏன் நிறுத்தியிருந்தார்கள் என்று யோசிக்கும் அளவுக்கு அன்று எனக்குப் புத்தி இல்லை.

காகித வேலையும் உண்டு. தனியார் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்திப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்றார்கள். பசுமை வரி தனி. வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் இது காதுக்கு மிஞ்சிய தோடு.

பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அது எரிய 9 பங்கு காற்று போதும். புது வண்டியில் சென்சார் இதை மோப்பம் பிடித்து பெட்ரோலைக் கூட்டிவிடும். கார்புரேட்டருக்கு மூக்கு கிடையாது; ஜெட்டின் துளை 1996-ல் போட்ட துளை. அதனால் கலவை வறண்டு, பிக்கப் குறைந்து, சூடும் சற்று ஏறும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ்களை உப்பவும் வெடிக்கவும் வைக்கும். பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் மாற்றிவிட்டேன். பெரிய செலவில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாத செலவு. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டாம்.

பிரியத்தால் மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, மோதலை வாங்கிக்கொள்ளும் அமைப்பென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இதற்கு வாரிசாக வந்த ஆல்ட்டோ 800-ன் ஏர்பேக் இல்லாத வகையையே 2014-ல் குளோபல் என்கேப் மோதிப் பார்த்து, பெரியவர்கள் பாதுகாப்புக்குப் பூஜ்ய நட்சத்திரம் கொடுத்தது. இது அதற்கும் மூத்தது. நான்குவழிச் சாலையில் பஸ்கள் நம்மைத் தாண்டும்போது காற்றே வண்டியை ஒதுக்கும். அங்கே விலகிப் போவதற்கான வேகமும் கையிருப்பில் கிடையாது. ஆகவே கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் போகிறோம். 800 ஊருக்குள், ஏற்காட்டுக்கு, பிறகு மாமனார் ஊரின் குறுகிய தார்ச்சாலைக்கு.

50 வருஷம் முடிந்து, அசல் உருவம் மாறாமல் இருந்தால் அரசு 'விண்டேஜ்' என்று தனி நம்பர் தருகிறது. 1983-ல் பதிந்த முதல் வண்டிகளுக்கு அந்த வயது 2033-ல் வரும். என்னுடையதற்கு 2046. கணக்குப் போட்டுச் சொன்னபோது மெக்கானிக் வலது கதவைத் திறந்து, அடியில் விரலை வைத்தார். விரல் முதல் கணுவரை உள்ளே போனது.

"அதுவரைக்கும் கெடக்கட்டும் சாமி, வர்ற திங்கக்கிழமை வெல்டிங்குக்கு விட்ருங்க" என்றார்.