பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை: படம் எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள்

விடுமுறை நாளில் பிள்ளைகளை பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போகிறவர்கள் முதலில் நிற்கும் இடம் யானைச் சிலைகள் கொண்ட நீரூற்று. அடுத்தது தோரண வாயில். இரண்டும் அழகுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டுமே நேற்று வந்தவை. லிட்டில் இந்தியாவை 2010 அக்டோபரில் அன்றைய பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் திறந்து வைத்தார்கள். சாஞ்சி தூபியின் வாயிலை மாதிரியாகக் கொண்ட தோரண வாயில் இந்திய அரசின் அன்பளிப்பு. 2015 நவம்பரில் பிரதமர் மோடி வந்தபோது திறக்கப்பட்டது. நம்மவர்கள் இந்த மண்ணுக்கு வந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு எழுந்தவை இவை.

பழையதைப் பார்க்க வேண்டுமானால் ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 1881-இல் கோலாலம்பூரை முதலில் தீயும் பிறகு வெள்ளமும் அழித்தன. அதுவரை அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக இருந்த நகரத்தைச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரி சுவெட்டன்ஹாம் விதித்தார். அந்தச் செங்கல்லுக்குக் களிமண் தந்து சூளை வைத்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரயில்வே வந்தது. தண்டவாளம் போடவும் பட்டறையில் வேலை செய்யவும் தமிழகத்திலிருந்து ஆள்கள் வந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிராணியாகவும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் வந்தார்கள். இன்று நீங்கள் ரயில் மாறும் கேஎல் சென்ட்ரல் நிற்பது அந்தப் பழைய ரயில்வே நிலத்தில்தான்.

ஸ்காட் ரோடு கந்தசாமி கோயில் யாழ்ப்பாணத்து நல்லூரை நினைத்துக் கட்டப்பட்டது. சிங்களவர்கள் 1894-இல் தொடங்கிய பௌத்த மகா விகாரையும் இதே வட்டாரத்தில்தான். துன் சம்பந்தன் சாலையில் 1904-இல் நிறுவப்பட்ட விவேகானந்தா ஆசிரமம் இருக்கிறது. வாசலில் சுவாமியின் சிலை. எத்தனையோ பேர் அதைத் தாண்டித்தான் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகிறார்கள்.

அந்தச் சாலையின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துவிடாமல் இருக்க, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர் துன் வீ.தி. சம்பந்தன். தோட்டத் தொழிலாளர்களின் சந்தாப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன.

இனி இல்லாத ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும். ரொசாரியோ சாலைப் பக்கம் ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ என்று வரிசை வீடுகள் இருந்தன. ரயில்வே ஊழியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டவை. அவை இடிக்கப்பட்டுவிட்டன. ஆசிரமத்துக்கும் ஆபத்து வந்தது. அதன் நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014-இல் வெளியே தெரிந்தபோது மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கட்டடம் பின்னர் பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் ஏறியது. ஒரே வட்டாரத்தில் ஒன்று போனது, ஒன்று தப்பியது. பழமை மட்டுமே ஒரு கட்டடத்தைக் காப்பாற்றாது.

இதற்கான சட்டம் தேசிய பாரம்பரியச் சட்டம் 2005. ஓர் இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கும் அதிகாரம் பாரம்பரிய ஆணையருக்கு உண்டு. அறிவிக்கும் முன் நில உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் ஆட்சேபிக்கலாம். முடிவு வரும்வரை இடத்தைக் காக்க இடைக்கால உத்தரவு போடவும் சட்டத்தில் வழியிருக்கிறது. பலருக்குத் தெரியாத செய்தி, தேசியப் பாரம்பரியமாக ஒன்றை முன்மொழிய யாருக்கும் உரிமை உண்டு என்பது. சங்கம் வேண்டாம், பதவி வேண்டாம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: பிரிக்பீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசத்தில் இருக்கிறது. கிள்ளானில் உள்ள இடமென்றால் சிலாங்கூர் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும்.

கிள்ளான் என்றதும் நினைவுக்கு வருவது தெங்கு கிளானா சாலையின் பூக்கடைகளும் முறுக்கும்தான். சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். அந்தப் பயணமே ஒரு பாரம்பரியம். சிலாங்கூரின் முதல் ரயில் 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் அருகே புக்கிட் கூடாவுக்கும் இடையே ஓடியது; 1890-இல் பாதை ஆற்றைக் கடந்து கிள்ளான் வந்தது. போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் இறங்கி, தடுப்பு முகாமில் நாள்களை எண்ணிக் கிடந்துவிட்டுத் தோட்டம் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இதைப் படிப்பவர்களில் நிறைய பேர் இருப்பீர்கள்.

நிலையத்தில் இறங்கினால் 1857-இல் கட்டிய ராஜா அப்துல்லா கிடங்கு, அரச காட்சிக்கூடம், சுந்தரராஜப் பெருமாள் கோயில் எல்லாம் ஒரு நாளில் பார்த்து முடிக்கலாம். கோத்தா பாலத்தைத் தவற விடாதீர்கள். மேலே வாகனம், கீழே நடப்பவர்களும் சைக்கிளும் என்று இரட்டை அடுக்காகக் கட்டிய பாலம்.

சைக்கிள் என்றதும் 1941 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கக் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். இதைச் சொல்லும் ஒரு பலகைகூட கிள்ளானில் என் கண்ணில் பட்டதில்லை.

தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. ஹைலண்ட்ஸ், எமரால்ட், ஜாலான் அக்கோப் என்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மட்டும் ‘தோட்டம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர் பழசாகத் தெரிகிறது, மாற்றலாமே என்று யாராவது சொன்னால், அது யார் பால் வெட்டிய இடம் என்று கேளுங்கள்.

உங்கள் தோட்டத்துக் கோயிலையோ பழைய லயத்தையோ முன்மொழிய நினைத்தால் இப்போதே சேர்க்க வேண்டியவை சில உண்டு: பழைய புகைப்படம், செக்ரோல் அல்லது திருவிழா நோட்டீஸ், அங்கே பிறந்த பெரியவர்களின் பேச்சுப் பதிவு. கோயில் தூணிலோ படியிலோ ஆண்டு பொறித்திருந்தால் அதை முதலில் படம் எடுங்கள். அடுத்த கும்பாபிஷேகத்துக்குப் பெயிண்ட் அடிக்கும்போது முதலில் மறைவது அதுதான்.