புளிப்பு ஆப்பிளும் ஒரு பிடி மாவும்!

டிசம்பர் மாதம். லண்டன் நகரம்.

மணி நாலுதான் ஆகிறது. அதற்குள் சூரியன் மறைந்துவிட்டது. தெரு விளக்குகள் எரிகின்றன. வாயைத் திறந்தால் புகை வருகிறது. அப்படி ஒரு குளிர்!

பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கைகளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவருகிறார்கள். கதவைத் திறக்கிறார்கள். உள்ளே இருந்து ஒரு வாசனை வருகிறது.

வெந்த ஆப்பிளின் வாசனை. வெண்ணெயில் சிவந்த மாவின் வாசனை. இலவங்கப்பட்டையின் வாசனை.

மேஜைமேல் ஒரு பெரிய பீங்கான் பாத்திரம். மேலே பொன்னிறத்தில் மொறுமொறு என்று உதிரி மாவு. அதன் ஓரங்களில் ஆப்பிள் சாறு பாகாகக் கொதித்து எட்டிப் பார்க்கிறது.

அதுதான் "ஆப்பிள் கிரம்பிள்". கிரம்பிள் என்றால் உதிர்வது என்று பொருள்.

இது ராஜாக்கள் வீட்டுப் பலகாரம் அல்ல. முட்டை வேண்டாம். பாகுப் பதம் பார்க்க வேண்டாம். பத்து வயதுப் பெண்கூட மாவைப் பிசறிக் கொடுத்துவிடலாம். ஆனாலும் இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தால் இது இல்லாத வீடு குறைவு.

இந்த எளிய பலகாரம் அந்த நாட்டு வீடுகளில் வேரூன்றியது எப்போது தெரியுமா? வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பஞ்சம் வந்தபோது!

கப்பல் வராத காலம்

1939-ம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாவது உலகப்போர் மூண்டது.

இங்கிலாந்து கடல் சூழ்ந்த நாடு. அங்கே மக்கள் சாப்பிட்டதில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. அந்தக் கப்பல்களை ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் குறிவைத்துத் தாக்கின. பல கப்பல்கள் சரக்கோடு கடலில் மூழ்கின.

1940-ம் ஆண்டு ஜனவரி 8-ந்தேதி உணவுப் பங்கீடு தொடங்கியது. முதலில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகிய மூன்றும் "ரேஷன்" ஆயின. பிறகு தேயிலை, மார்கரின், பாலாடைக்கட்டி என்று பட்டியல் நீண்டது. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு ரேஷன் புத்தகம். கைக்குழந்தைக்கும் ஒன்று!

அளவு அடிக்கடி மாறியது. ஆனால் போர்க்காலத்தில் நெடுநாள் இருந்த அளவு இது: ஒருவருக்கு வாரத்துக்கு வெண்ணெய் 57 கிராம். சர்க்கரை 227 கிராம்.

57 கிராம் வெண்ணெய் என்றால் எவ்வளவு? ஓர் எலுமிச்சம்பழ அளவு! ஏழு நாளும் ரொட்டியில் தடவ அதுதான். சமையலுக்கும் அதுதான்.

பழங்கள் கதை என்ன? 1940-ம் ஆண்டு கடைசியில் வாழைப்பழம் இறக்குமதி நிறுத்தப்பட்டது. வாழைப்பழத்தையே பார்க்காமல் குழந்தைகள் வளர்ந்தார்கள். ஆரஞ்சு எப்போதாவது வந்தால் குழந்தைகளுக்கே முதல் உரிமை.

ஆனால் ஒரு பழம் மட்டும் கப்பலுக்குக் காத்திருக்கவில்லை. அது வீட்டுக் கொல்லையிலேயே காய்த்தது.

அதுதான் ஆப்பிள்!

தாய் போட்ட கணக்கு

அதற்குமுன் இங்கிலாந்து மக்கள் ஆப்பிளைக் கொண்டு அதிகமாகச் செய்தது "பை" என்ற பலகாரம். மாவில் கொழுப்பைச் சேர்த்துப் பிசைந்து, சப்பாத்திபோல் இரண்டு தட்டையாக இடுவார்கள். ஒன்றைப் பாத்திரத்தின் அடியில் விரிப்பார்கள். நடுவே ஆப்பிள். மேலே இன்னொன்றைப் போட்டு மூடுவார்கள்.

இதற்கு மாவில் பாதி எடை கொழுப்பு வேண்டும். ஒரு குடும்பத்துக்கு 225 கிராம் மாவு என்றால், 115 கிராம் வெண்ணெய். அதாவது இரண்டு பேருடைய ஒரு வாரத்து வெண்ணெய்! ஒருவேளை இனிப்புக்காக அதைக் கொட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்?

கிரம்பிளுக்கு அடித்தட்டு இல்லை. மேலே தூவ 100 கிராம் மாவும் 50 கிராம் கொழுப்பும் இருந்தால் போதும். வெண்ணெய்க்குப் பதில் மார்கரின் போடலாம். மாவு குறைந்தால் ஓட்ஸ் கலக்கலாம். பாதிச் செலவில் முழுக் குடும்பத்துக்கும் இனிப்பு!

இன்னொரு லாபமும் உண்டு.

1942-ம் ஆண்டு இங்கிலாந்துக் கடைகளில் வெள்ளை ரொட்டி மறைந்தது. தானியத்தை வீணாக்கக்கூடாது என்று, தவிடு அதிகம் நீக்காத மங்கல் நிற மாவை அரசாங்கம் கொண்டுவந்தது. அதற்குத் "தேசிய மாவு" என்று பெயர். அப்படிப்பட்ட மாவை மெல்லியதாக இடுவது கஷ்டம். விண்டுபோகும். உதிரும்.

கிரம்பிளுக்கு வேண்டியதே உதிரும் மாவுதானே! அங்கே குறையாக இருந்தது, இங்கே குணமாகிவிட்டது.

அப்போது உணவு மந்திரியாக இருந்தவர் ஊல்ட்டன் பிரபு. அதற்குமுன் பெரிய கடைகளை நிர்வாகம் செய்தவர். இருப்பதைக் கொண்டு நன்றாகச் சமைப்பது எப்படி என்று அவருடைய இலாகா பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. "சமையலறைப் போர்முனை" என்ற பெயரில் பி.பி.சி. வானொலியில் காலைதோறும் நிகழ்ச்சி நடந்தது. எரிபொருளும் சிக்கனமாகச் செலவிட வேண்டிய காலம். ஓவன் அடுப்பை மூட்டினால் ஒரே சூட்டில் இரண்டு மூன்று பண்டங்களை வேகவைக்க வேண்டும் என்றார்கள். ஆகவே சாப்பாடு ஒரு தட்டில் வேகும்போது, பக்கத்திலேயே கிரம்பிளும் வெந்தது.

சிறுமி நட்ட விதை

கிரம்பிளுக்கு இங்கிலாந்துப் பெண்கள் தேடும் ஆப்பிளுக்கு "பிராம்லி" என்று பெயர். பெரிதாக, பச்சையாக இருக்கும். ஆசைப்பட்டுக் கடித்தால் கண்ணை மூடிக்கொள்வீர்கள். அவ்வளவு புளிப்பு! சமையலுக்கு மட்டுமே ஆகும்.

இந்தப் பழத்தின் கதை சுவையானது.

1809-ம் ஆண்டு, நாட்டிங்ஹாம் வட்டாரத்தில் உள்ள சவுத்வெல் என்ற ஊரில், மேரி ஆன் பிரெயில்ஸ்போர்டு என்ற சிறுமி ஆப்பிள் விதைகளை நட்டாள். அதில் ஒன்று முளைத்து மரமாயிற்று. பிற்பாடு 1846-ம் ஆண்டில் மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் அந்த வீட்டை வாங்கினார். 1856-ம் ஆண்டில் ஹென்றி மெரிவெதர் என்ற வாலிபர் வந்து, "இந்த மரத்தின் கிளையை ஒட்டுக்கட்டி விற்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமாக எடுத்துக்கொள். ஆனால் பழத்துக்கு என் பெயரை வைக்க வேண்டும்" என்றார் பிராம்லி!

விதையை நட்டவள் ஒருத்தி. பெயரைப் பெற்றவர் ஒருவர். இன்று உலகத்தில் உள்ள பிராம்லி மரம் ஒவ்வொன்றும் அந்தச் சிறுமியின் ஒரே மரத்திலிருந்து வழிவழியாகப் பிறந்ததுதான்.

புளிப்புப் பழம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. தின்னும் ஆப்பிள் வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். பிராம்லியில் புளிப்பு அமிலம் அதிகம். அது சூடுபட்டதும் குழைந்து நுரைபோல் ஆகிவிடும். சர்க்கரையோடு சேரும்போது புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிக்கொடுக்கும். பச்சையாக யாரும் சீந்தாத பழம், நெருப்பில் வெந்தால் ராஜாப் பழம்!

அக்டோபரில் பறித்த பிராம்லியை, குளிர்ந்த அறையில் பத்திரமாக வைத்தால் பல மாதம் கெடாது. ஒவ்வொரு பழத்தையும் செய்தித்தாளில் சுற்றுவார்கள். ஒன்றோடு ஒன்று உரசாமல் அடுக்குவார்கள். அழுகிய பழம் ஒன்று இருந்தால் பக்கத்தில் உள்ளதையும் கெடுத்துவிடும். ஆகவே அவ்வப்போது பார்த்துக் கழித்துவிட வேண்டும். இப்படிக் காப்பாற்றிய பழம்தான் குளிர்காலத்தில் கைகொடுத்தது.

செய்வது எப்படி?

நாலு பேருக்கு: ஆப்பிள் 700 கிராம். மைதா 150 கிராம். வெண்ணெய் 75 கிராம். மாவுக்குச் சர்க்கரை 75 கிராம். பழத்துக்குச் சர்க்கரை 75 கிராம். இலவங்கப்பட்டைத் தூள் ஒரு சிட்டிகை.

ஆப்பிளைத் தோல் சீவி, விதை நீக்கி, துண்டுகளாக நறுக்குங்கள். சர்க்கரையும் பட்டைத் தூளும் கலந்து, ஓவனில் வைக்கக்கூடிய பாத்திரத்தில் பரப்புங்கள்.

குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி மாவில் போடுங்கள். விரல் நுனியால் பிசறுங்கள். உள்ளங்கை படக்கூடாது. கைச்சூட்டில் வெண்ணெய் உருகி மாவு கட்டியாகிவிடும். புட்டுக்கு மாவு பிசறுவதுபோல் உதிரியாக இருக்க வேண்டும். பிறகு சர்க்கரையைக் கலந்து பழத்தின்மேல் தூவுங்கள். அழுத்தாதீர்கள். அழுத்தினால் மொறுமொறுப்பு வராது.

180 டிகிரி சூட்டில் சுமார் 40 நிமிடம் வேகட்டும். மேலே பொன்னிறமாகி, ஓரத்தில் சாறு கொதித்தால் பதம் வந்துவிட்டது.

கடையில் கிடைக்கும் இனிப்பு ஆப்பிளிலும் இதைச் செய்யலாம். பழத்துக்குப் போடும் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, ஒரு மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். புளிப்பு வந்துவிடும்.

எடுத்த உடனே குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பழப்பாகு நாக்கைச் சுட்டுவிடும். பத்து நிமிடம் ஆறட்டும்.

இதன்மேல் சூடான கஸ்டர்டு ஊற்றிச் சாப்பிடுவது அங்கே வழக்கம். அதிலும் ஒரு குடும்பக் கதை உண்டு. பர்மிங்ஹாம் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஆல்பிரட் பேர்டு. அவருடைய மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. ஆனால் கஸ்டர்டு முட்டையில்தானே செய்வார்கள்? மனைவிக்காக 1837-ம் ஆண்டில் முட்டை இல்லாமல் சோளமாவில் ஒரு கஸ்டர்டு செய்தார் பேர்டு. பெரியவர்களுக்கு வாரம் ஒரு முட்டைதான் என்ற போர்க்காலத்தில், அந்த முட்டையில்லாக் கஸ்டர்டு மாவு எத்தனை வீடுகளுக்கு உதவியிருக்கும்!

பஞ்சம் போனது, பலகாரம் நின்றது

போர் 1945-ல் முடிந்தது. ஆனால் ரேஷன் முடியவில்லை. 1953-ம் ஆண்டு செப்டம்பரில்தான் சர்க்கரைக் கட்டுப்பாடு நீங்கியது. 1954-ம் ஆண்டு ஜூலை 4-ந்தேதி கடைசிக் கட்டுப்பாடும் நீங்கியது. மொத்தம் 14 ஆண்டுகள்!

பஞ்சகாலத்துப் பண்டங்கள் பலவற்றை மக்கள் உடனே மறந்தார்கள். முட்டைப் பொடியை யார் தேடுவார்கள்? மங்கல் நிற ரொட்டிக்கு யார் ஏங்குவார்கள்?

கிரம்பிளை மட்டும் அவர்கள் விடவில்லை. வெண்ணெய் தாராளமாகக் கிடைத்த பிறகும் அது வீட்டு மேஜையில் நின்றது.

ஏன்? அது வெறும் சிக்கனப் பண்டம் அல்ல. "வீட்டில் ஒன்றும் இல்லை" என்று ஒரு தாய் கையை விரித்திருக்கலாம். அவள் விரிக்கவில்லை. யாரும் தின்னாத புளிப்புப் பழத்தை எடுத்தாள். ஒரு பிடி மாவை எடுத்தாள். தன் ரொட்டியில் தடவாமல் மிச்சம் பிடித்த வெண்ணெயை எடுத்தாள். குளிரில் வந்த பிள்ளைக்குச் சூடாக ஒரு கிண்ணம் கொடுத்தாள். அந்தச் சுவையைப் பிள்ளை மறக்குமா?

இன்றைக்கும் அங்கே கிரம்பிள் பாத்திரம் காலியாகும்போது ஒரு சண்டை நடக்கும். பாத்திரத்தின் ஓரத்தில் பழப்பாகோடு ஒட்டிச் சிவந்த மாவை யார் சுரண்டுவது என்று!

பொங்கல் பானையின் அடியைச் சுரண்டப் போட்டி போட்ட பிள்ளைகளுக்கு, அந்தச் சண்டையின் நியாயத்தைச் சொல்லவா வேண்டும்?