பாட்டியின் வயதும் பேரக்குழந்தையின் 21-வது குரோமோசோமும்

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறந்ததும் எல்லோரும் தாயின் வயதைத்தான் விசாரிப்பார்கள். அவளுக்கு 25 தான் என்று தெரிந்தால், கிரகணத்தில் வெளியே போனாளா, எதைச் சாப்பிட்டாள் என்று பேச்சு திரும்பும். மைசூரு பல்கலைக்கழகத்தின் மரபியலாளர்கள் எஸ்.எஸ். மாலினியும் என்.பி. ராமச்சந்திராவும் கேட்டது வேறு கேள்வி. அந்தத் தாய் பிறந்தபோது, அவளைப் பெற்றவளுக்கு என்ன வயது?

குரோமோசோம் பரிசோதனையில் உறுதியான 69 குழந்தைகளின் குடும்பங்களை, மற்ற 200 குடும்பங்களோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். முடிவு 2006-ல் வெளியானது. அந்தக் குழந்தைகளின் தாய்மாரில் இளம் வயதினரே அதிகம். தாயைப் பெற்றபோது பாட்டிக்கு இருந்த வயது ஒவ்வோர் ஆண்டு கூடும்போதும் ஆபத்து 30% உயர்வதாக அவர்களின் கணக்கு சொன்னது.

பாட்டி எங்கே வந்தாள்? பெண்ணின் கருமுட்டைகள் அவள் வயதுக்கு வந்த பிறகு உருவாகின்றவை அல்ல. அவள் தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போதே 60, 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். அவற்றில் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, பிரியத் தயாராகி, பாதியில் நின்றுவிடும். முட்டை வெளிப்படும் மாதத்தில்தான் மிச்ச வேலை தொடரும். நடுவில் 20 ஆண்டும் ஆகலாம், 40 ஆண்டும் ஆகலாம். அத்தனை காலமும் ஜோடியைப் பிணைத்து வைப்பது கோஹெசின் என்ற புரதம். பழைய ரப்பர் பேண்ட் போல அது தளர்ந்துவிட்டால் 21-வது ஜோடி சரியாகப் பிரியாமல் இரண்டும் ஒரே முட்டையில் தங்கிவிடும். விந்தணுவிலிருந்து வரும் ஒன்றும் சேர்ந்தால் மூன்று. அதுதான் டவுன் சிண்ட்ரோம். கூடுதல் குரோமோசோம் ஏறத்தாழ 90% பேருக்குத் தாயின் முட்டையிலிருந்தே வருகிறது. அந்த முட்டை உருவான இடமோ பாட்டியின் கருப்பை.

ஆனாலும் 69 குடும்பங்கள் என்பது சிறிய எண்ணிக்கை. அந்தத் தலைமுறைப் பாட்டிகளில் எத்தனை பேரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கும்? இதை ஒரு நல்ல கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. பழியைத் தாயிடமிருந்து பாட்டிக்கு மாற்ற இதை யாரும் பயன்படுத்த வேண்டாம். தாயின் வயதுக்கு இருக்கும் ஆதாரம் மிக வலுவானது: 25 வயதில் சுமார் 1,200 பிறப்புகளுக்கு ஒன்று, 40 வயதில் சுமார் 100-க்கு ஒன்று. இருந்தும் இளம் தாய்மாரே அதிகம் தென்படுவதற்கு, நம் நாட்டில் பெரும்பாலான குழந்தைகளைப் பெறுவதே இளம் பெண்கள் என்பதும் ஒரு காரணம்.

21-வது குரோமோசோம் மனிதக் குரோமோசோம்களிலேயே மிகச் சிறியது. புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் அதில் இருநூற்றுச் சொச்சம்தான். அவற்றில் ஒன்றான டிஒய்ஆர்கே1ஏ, மூளையின் மூலச் செல்கள் எப்போது பெருகுவதை நிறுத்த வேண்டும் என்பதில் தலையிடுகிறது. அளவு கூடினால் நரம்புச் செல்கள் குறைகின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குச் சிறுமூளையும், நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸும் சிறுத்திருக்கின்றன. ஏபிபி என்ற இன்னொரு மரபணுவின் வேலை பிற்பாடுதான் தெரியும். அது கூடுதலாக இருப்பதால் அமிலாய்டு படிவு சீக்கிரமே சேர்ந்து, 40 வயதுக்குள் இவர்களில் ஏறத்தாழ எல்லோர் மூளையிலும் அல்சைமர் நோயின் அடையாளங்கள் தென்படுகின்றன. அல்சைமர் ஆய்வாளர்கள் இவர்களிடம் இவ்வளவு அக்கறை காட்டுவது இதனால்தான்.

குழந்தைப் பருவத்தில் பெற்றோரை வாட்டுவது பேச்சு. இந்தக் குழந்தைகள் சொல்வதைவிட அதிகம் புரிந்துகொள்வார்கள். காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது நன்றாகப் பதியும். படம், சைகை வழியாகச் சொல்லித்தருவது அதனால்தான் பலன் தருகிறது. நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவதும் இவர்களிடம் சகஜம். அதற்குச் சிகிச்சை உண்டு. மைசூரு மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் 1965-ல் தொடங்கப்பட்டது. செவிப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் அங்கே கிடைக்கின்றன. பெற்றோர் இரண்டு காரியங்களைத் தள்ளிப்போட வேண்டாம். குழந்தைக்குக் குரோமோசோம் பரிசோதனை செய்யுங்கள். 21-வது குரோமோசோமின் கூடுதல் துண்டு வேறொரு குரோமோசோமில் ஒட்டியிருந்தால், அடுத்த குழந்தைக்கு முன் பெற்றோரும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். குழந்தையின் காதையும் முதல் ஆண்டிலேயே காட்டிவிடுங்கள்.