சார்ந்ததன் வண்ணம்

தன்னை அறிதலாவது யாது? 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களையுடையது. அதன் 8-ஆம் சூத்திரம், வேடரிடை வளர்ந்து தன் குலம் அறியாத அரசகுமாரன் போல, ஐம்புலன்களிடைப்பட்டுத் தன்னை மறந்தது உயிர் என உணர்த்தும். உயிர் படிகம் போன்றது. சார்ந்த பொருளின் நிறத்தையே தன் நிறமாகக் காட்டும்.

கன்னட நாட்டெல்லையை அடுத்த ஒசூர்த் தொழிற்பேட்டையில் பல்லாண்டு இயந்திரத்தோடு உழைக்கும் ஒருவன், அத்தொழிலும் ஊதியமுமே தானென எண்ணுதல் இயல்பு. வேலை நீங்கிய நாளில் தானே அழிந்ததாகக் கலங்குவன். செம்மலரை அகற்றின் படிகத்தின் செந்நிறம் நீங்குமேயன்றிப் படிகம் நீங்காது. ஆயினும் அது தனித்து ஒளிராது, ஞாயிற்றொளி வேண்டும். அரசகுமாரனும் தந்தை உணர்த்திய பின்னரே தன்னை அறிந்தனன். ஆகலின், தான் சார்ந்துள்ளது யாதென ஆராய்ந்து, என்றும் நீங்காத இறைவனைச் சார்தலே தன்னை அறிதலின் பயனாம்.