மூலிகைக்குள் இருக்கும் மருந்தைக் கணினி எப்படித் தேடுகிறது?

அல்சைமர் நோயாளியின் மூளையில், நினைவுக்குத் துணைநிற்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் குறைந்துபோகிறது. இருக்கும் கொஞ்சத்தையும் ஒரு நொதி சிதைத்துவிடுகிறது. அந்த நொதியைத் தடுத்தால்? ஸ்னோடிராப் என்ற பூச்செடியில் கண்டறியப்பட்ட கேலன்டமின் அதைத்தான் செய்கிறது. 2001-இல் அமெரிக்கா அதை மருந்தாக ஏற்றது. நோய் குணமாகாது; அறிகுறிகள் சற்றுத் தணியும்.

இதைவிட நல்லதைத் தேட, ஆயிரக்கணக்கான தாவரச் சேர்மங்களைப் பிரித்தெடுத்துச் சோதிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால்தான் கணினி.

1991-இல் அந்த நொதியின் முப்பரிமாண வடிவம் வெளியானது. அதில் சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் (அணு அளவிலான நீள அலகு) ஆழத்துக்கு ஒரு குறுகிய பள்ளம். அடியில்தான் சிதைக்கும் வேலை நடக்கிறது. கணினி ஒவ்வொரு மூலக்கூறையும் அந்தப் பள்ளத்தில் திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்க்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு, மின்னூட்ட ஈர்ப்பு போன்றவற்றைக் கணக்கிட்டு மதிப்பெண் போடுகிறது.

பொருந்தினால் போதுமா? போதாது. குடலில் உறிஞ்சப்பட வேண்டும். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பையும் தாண்ட வேண்டும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் முதல் படியிலேயே தடுமாறுகிறது.

ஆக, கணினி தருவது மருந்தல்ல. ஆய்வகத்தில் எதை முதலில் சோதிக்கலாம் என்ற பட்டியல்தான்.