‘விளங்கிச்சா?’ என்றால் மூளைக்குள் என்ன நடக்கிறது?

கரும்பலகையில் கணக்கைச் செய்து முடித்த ஆசிரியர் திரும்பி நின்று, “விளங்கிச்சா?” என்று கேட்கிறார். “ஆமா சேர்!” என்று வகுப்பே கத்துகிறது. அந்தச் சத்தத்தில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே விளங்கியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? காய்ச்சலை அளக்கக் கருவி இருக்கிறது. விளங்குவதை அளக்க என்ன இருக்கிறது?

கண்டியிலிருந்து தலாத்துஓயாவுக்குப் போகும் வீதியில் இருக்கிறது அம்பிட்டிய. அங்கே இந்தக் கேள்வியை மூன்று மொழிகளில் கேட்கலாம். தமிழில் ‘விளங்கிச்சா?’, சிங்களத்தில் ‘தேருணாத?’ ஆங்கிலம் படிக்கப் போனால்தான் தலை சுற்றும். விளங்கிக்கொள்வதற்கு அங்கே அவ்வளவு சொற்கள்!

‘ஐ சீ’ என்றால் ‘எனக்குத் தெரிகிறது’. இது கண்ணிடம் வாங்கிய சொல். ‘கிராஸ்ப்’ என்றால் இறுகப் பிடிப்பது, இது கையுடையது. ‘டைஜெஸ்ட்’ என்றால் செரிப்பது, இது வயிற்றின் வேலை. ‘ஃபதம்’ என்ற சொல் கடலிலிருந்து வந்தது. இரண்டு கைகளையும் அகல விரித்தால் கிடைக்கும் நீளம் அது, சுமார் 6 அடி. நம் மீனவர்கள் அதைப் ‘பாகம்’ என்பார்கள். கடலின் ஆழத்தை அளந்த அந்தச் சொல், பிறகு கடினமான விஷயங்களின் ஆழத்தையும் அளக்கப் போய்விட்டது. ‘காசு விழுந்துவிட்டது’ என்றுகூடச் சொல்வார்கள். காசு போட்டால் வேலை செய்யும் இயந்திரத்தில், காசு உள்ளே விழுந்தால்தானே எதுவும் நடக்கும்?

நாமும் குறைந்தவர்கள் அல்ல. ‘விளங்கு’ என்றால் ஒளிவிடு என்றும் பொருள். ‘பிடிபட்டது’ என்கிறோம், ‘மண்டையில் ஏறவில்லை’ என்கிறோம். எல்லா மொழிக்காரரும் ஏன் இப்படி உடம்பிடம் கடன் வாங்குகிறார்கள்? ஜோர்ஜ் லேகாஃப், மார்க் ஜோன்சன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1980இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். எண்ணத்தைத் தொட முடியாது, பார்க்கவும் முடியாது. அதனால் தொடவும் பார்க்கவும் முடிந்தவற்றைக் கொண்டே அதைப் பற்றிப் பேசுகிறோம் என்றார்கள்.

ஆனால் எல்லாரும் கண்ணிடமே போவதில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் மொழிகளை நிக்கலஸ் எவன்ஸ், டேவிட் வில்கின்ஸ் இருவரும் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மொழிகளில் ‘அறிதல்’, ‘விளங்குதல்’ என்பவற்றுக்கான சொற்கள் பெரும்பாலும் ‘கேள்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்தே வந்திருந்தன. அங்கே அறிவின் வாசல் காது. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்கும் ‘கேள்வி’ என்றுதானே பெயர்? கேட்டு அறிவதைத்தான் வள்ளுவர் அங்கே பேசுகிறார்.

பொறுக்கி எடுக்கும் மூளை

மறுபடி அம்பிட்டியவுக்கு வருவோம். அங்கே 1893இல் பாப்பரசர் 13ஆம் லியோ, குருமாரைப் பயிற்றும் ஒரு குருமடத்தைத் தொடங்கச் செய்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். வீட்டில் பேசுவது ஆளுக்கொரு மொழி. அவர்களுக்குப் பொதுவாக இருந்தது பாடமொழியான இலத்தீன். 1955இல் அந்தக் குருமடம் இந்தியாவின் புனே நகருக்குப் போய்விட்டது. இப்போது அம்பிட்டியவில் இருப்பது இலங்கையின் தேசிய குருமடம்.

அந்த மாணவர்கள் படித்த இலத்தீனில் விளங்கிக்கொள்வதற்கு ‘இன்டெல்லிகெரே’ என்று ஒரு சொல் உண்டு. ‘பலவற்றின் நடுவிலிருந்து தெரிந்தெடு’ என்பது அதன் அடிப்பொருள். குருமட வாசலைத் தாண்டி வீதிக்கு வந்தால் சிங்களத்தில் ‘தேரெனவா’. ‘தெரிவு செய்’ என்று பொருள்படும் ‘தோரனவா’வுக்கு அது உறவு. தமிழிலும் ‘தெரிந்தது’ என்கிறோம், ‘தெரிவு’ என்கிறோம். செடி முழுக்க இலை இருந்தாலும் இரண்டு இலையையும் மொட்டையும் மட்டும் கிள்ளுகிறதே கொழுந்து பறிக்கும் கை, அப்படி ஒரு வேலை இது.

மூளை உண்மையிலேயே இப்படிப் பொறுக்குகிறதா? 1979இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் இதைச் சோதித்தார். இரண்டு பொருள் உள்ள ஆங்கிலச் சொற்களை வாக்கியத்தில் வைத்துக் கேட்கச் செய்தார். நம் மொழியில் சொல்வதானால், ‘பூக்கடையில் மாலை வாங்கினார்’ என்பது போல. இங்கே மாலை என்றால் பூமாலைதான். ஆனாலும் சொல் காதில் விழுந்த அந்தக் கணத்தில் இரண்டு பொருளும் மனதில் எழுகின்றன என்று அவர் கண்டார். அடுத்த சில அசைகள் கேட்பதற்குள் பொருந்தாதது மறைந்துவிடுகிறது. நமக்கு அது நடந்ததே தெரிவதில்லை.

பொருந்தாத சொல் ஒன்று வந்து மாட்டிக்கொண்டால்? ‘பாணில் பட்டர் பூசிச் செருப்பைச் சாப்பிட்டான்.’ சிரித்துவிட்டீர்களா? சிரிப்பு வருவதற்கு முன்பே உங்கள் மூளை திடுக்கிட்டுவிட்டது. 1980இல் மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் தலையில் மின்வாய்களைப் பொருத்தி, இப்படிப்பட்ட வாக்கியங்களை வாசிக்கக் கொடுத்தார்கள். விசித்திரமான சொல் வந்து சுமார் 0.4 செக்கனில் ஒரு தனி மின் அலை பதிவானது.

‘பிடித்தல்’, ‘தொடுதல்’ போன்ற கைச் சொற்களின் பக்கமும் ஒரு சோதனை உண்டு. ‘கஷ்டமான நாள்’ என்பதை ஆங்கிலத்தில் ‘சொரசொரப்பான நாள்’ என்றும் சொல்வார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் சத்தியன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட வாக்கியங்களைக் கேட்டவர்களின் மூளையை ஸ்கான் செய்தார்கள். பொருளைத் தொட்டு அதன் சொரசொரப்பை உணரும்போது வேலை செய்யும் பகுதி, வெறும் சொல்லுக்கும் விழித்துக்கொண்டது.

பளிச்!

இப்போது ஒரு புதிர். தே, கண், குடி. மூன்றோடும் சேரக்கூடிய ஒரே சொல் எது?

விடை சிலருக்குப் படிப்படியாக வரும். சிலருக்குப் பளிச்சென்று வரும். மார்க் யுங்-பீமன், ஜோன் கூனியோஸ் குழுவினர் 2004இல் இதே மாதிரியான ஆங்கிலப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். விடை பளிச்சென்று வந்தபோதெல்லாம், அது வருவதற்குச் சுமார் 0.3 செக்கனுக்கு முன், வலது காதுக்கு மேலே உள்ள மூளைப்பகுதியில் வேகமான மின்துடிப்பு ஒன்று எழுந்தது. படிப்படியாக விடை கண்டபோது அந்தத் துடிப்பு தெரியவில்லை. விளங்குதல் என்பது ஒரே வேலை அல்ல. பொறுக்குவது, தொட்டு உணர்வது, பளிச்சென்று மின்னுவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு சொல் போதாமல் போனதில் என்ன வியப்பு?

புதிரின் விடை: நீர். தேநீர், கண்ணீர், குடிநீர்.

நீங்களே சோதியுங்கள்

ஒரு எச்சரிக்கை. விளங்கியது போல இருப்பது வேறு, விளங்குவது வேறு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பிலிட், கைல் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சிப், பூட்டு, தையல் மெஷின் போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்று எவ்வளவு தெரியும் எனக் கேட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பலரும் தாராளமாகப் போட்டார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னதும் பேனா நின்றுவிட்டது. திரும்ப மதிப்பெண் போட்டபோது அது குறைந்தது.

உங்கள் புத்தகப் பையின் சிப்பை எடுங்கள். அது எப்படி மூடுகிறது என்பது உங்களுக்கு எவ்வளவு விளங்கும்? 7க்கு எத்தனை? எழுதி வையுங்கள். பிறகு படம் வரைந்து, தம்பிக்கோ தங்கைக்கோ விளக்குங்கள். அவர்கள் “ஏன்?” என்று கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் சிப்பை மெல்ல இழுத்து, பற்கள் எந்தக் கோணத்தில் சந்திக்கின்றன என்று பாருங்கள். இழுக்கும் துண்டின் ஒரு பக்கத்தில் இரண்டு வழி, மறுபக்கத்தில் ஒரே வழி. அங்கிருந்து தொடங்கி மீதியை நீங்களே கண்டுபிடியுங்கள். கடைசியில் மறுபடி மதிப்பெண் போட மறக்க வேண்டாம்!