ஸ்ரீகோசங்களின் சேமநிலை: ஓலையும் எண்ணெயும்

வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த நாதமுனிகள் அருளிச்செய்த ‘ந்யாயதத்வம்’ முழுநூலாக இன்று நமக்குக் கிடைத்திலது. பின்னுள்ள ஆசார்யர்கள் மேற்கோளாக எடுத்தாண்ட வாக்கியங்களே அதன் எச்சம். கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில் பல்லாண்டு எழுந்தருளியிருந்த ஸ்வாமி தேசிகனின் நூல்களிலும் அம்மேற்கோள்களைக் காண்கிறோம். காட்டுமன்னார்கோயிலிலேயே அவதரித்த ஆளவந்தாரின் ‘புருஷநிர்ணயம்’, ‘காச்மீராகமப்ராமாண்யம்’ ஆகியவற்றின் கதியும் இதுவே. நாலாயிரத்தையும் மீட்டு உலகுக்கு அளித்த மஹானுடைய சொந்த நூலை அவர் வழிவந்தவர்களால் காக்க இயலவில்லை என்பது, சிந்திக்குந்தோறும் நெஞ்சை உறுத்தும் செய்தி.

நம் ஸம்ப்ரதாயத்தில் ஏடு அழிந்த வரலாறுகள் மறைக்கப்படவில்லை. குருபரம்பரையோடு சேர்த்தே சொல்லப்பட்டு வருகின்றன. நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்கும்படி நம்பிள்ளையிடம் ஒப்படைக்க, அவர் காவிரியைக் கடக்கையில் ஏடு வெள்ளத்தில் போயிற்று. நினைவிலிருந்தே அதை மீள எழுதி ஆசார்யனிடம் ஸமர்ப்பித்தார் என்பது ஐதிஹ்யம். ஸ்ரீரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது ச்ருதப்ரகாசிகையின் ஏட்டையும் சுதர்சன ஸூரியின் குமாரர்களையும் ஸ்வாமி தேசிகன் காத்து ஸத்யாகாலம் கொண்டுசேர்த்தார் என்பர். பெரியவாச்சான் பிள்ளை அருளிய பெரியாழ்வார் திருமொழி வியாக்கியானத்தின் பெரும்பகுதி செல்லரித்து லுப்தமாக, அப்பகுதிக்கு மட்டும் மணவாள மாமுனிகள் வியாக்கியானம் இட்டருளி, பிள்ளையின் வாக்கு கிடைத்த இடத்தில் தம் எழுத்தை நிறுத்திக்கொண்டார். இன்று அச்சுப் பிரதியில் இரு பேருரையாசிரியரின் வாக்கும் சந்திக்கும் எல்லையை வகுத்தது ஒரு பூச்சி என்பதை வாசிப்போர் நினைப்பதில்லை.

வெள்ளம், பூச்சி, போர் என்னும் மூவகை அழிவுக்கும் நம் பெரியோரிடம் இருந்த மருந்து இரண்டு. ஒன்று நெஞ்சில் நிறுத்துதல், மற்றொன்று படியெடுத்தல். ‘ஆறாயிரப்படி’, ‘இருபத்துநாலாயிரப்படி’ என்று முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட அலகால் நூலின் அளவையே பெயராக்கிய வழக்கும் ஒரு காப்பு என்றே அடியேனுக்குத் தோன்றுகிறது. படியெடுத்தவன் விட்டதும் கூட்டியதும் பேரளவினதாயின், எண்ணிப் பார்த்தால் தெரிந்துபோம். ஆயினும் இவ்விரு மருந்தும் இன்று வலுவிழந்துள்ளன. ஒரு வியாக்கியானம் முழுவதையும் நினைவிலிருந்து எழுதித்தர வல்லார் அரியர். ஏட்டைப் பார்த்து ஏட்டில் எழுதும் மரபோ அச்சு வந்தபின் அற்றுப்போயிற்று. எஞ்சியிருக்கும் ஓலை, பெரும்பாலும் தன் வரிசையில் கடைசி ஓலை. அதனைக் காப்பது எப்படி என்று ஆராயும் விஞ்ஞானத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டியது இதனாலேயே.

முதலில் ஓலையின் இயல்பை அறிய வேண்டும். தமிழகத்துச் சுவடிகளிற் பெரும்பாலானவை பனையோலை. சில, தாளிப்பனை எனவும் ஸ்ரீதாளம் எனவும் வழங்கும் மரத்தின் ஓலை. தாளியோலை அகன்றும் மெல்லியதாயும் வளைந்துகொடுப்பதாயும் இருக்கும். பனையோலை தடித்தது, முதுமையில் எளிதில் ஒடியும். இரண்டும் மரநாரும் அதனைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருளும் சேர்ந்த உடம்பை உடையவை. மேலும் கீழும் வழவழப்பான தோல் போர்த்திருக்கிறது. அத்தோலே ஓலையின் கவசம். எழுத்தாணி அதைக் கீறியே எழுதுகிறது. ஆகவே ஒவ்வோர் எழுத்தும் கவசத்தில் இட்ட ஒரு திறப்பு. ஓலையின் நரம்புகள் நீளவாட்டில் ஓடுவதால் ஆழ்ந்த கீறலும் குத்தும் ஓலையைப் பிளக்கும். பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாதிருந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் ஏட்டில் வேறுபடுத்த முடியாமல் பாடபேதம் பிறந்த இடங்களை வியாக்கியானம் பயில்வோர் அறிவர்.

இத்தகைய ஓலைக்குக் கடலூர்க் கரை நல்ல வாழிடம் அன்று. சுவடிக்கு ஏற்ற காற்றின் ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காடு வரை எனக் காப்பியலார் கொள்வர். 65-ஐத் தாண்டி நெடுநாள் நின்றால் பூஞ்சணம் பற்றத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோரத்தில் ஈரப்பதம் 80-ஐக் கடப்பது வழக்கம்; சித்திரை வைகாசி வெயிலிலோ நடுப்பகலில் வெகுவாகக் குறையும். ஈரம் ஏறும்போது ஓலை உப்பும், இறங்கும்போது சுருங்கும். தோலும் உள்நாரும் ஒரே அளவில் உப்பிச் சுருங்குவதில்லை. ஆண்டுதோறும் இந்த இழுபறி நிகழ, தோல் உரிந்து எழுத்தோடு கழன்றுவிடுகிறது. ஆகவே ஈரப்பதம் இவ்வளவு என்பதைவிட, அது மாறாமல் நிற்பதே முக்கியம். பகலில் குளிரூட்டி இரவில் நிறுத்திவிடும் அறையைவிட, தடித்த சுவர் கொண்ட பழைய திருமாளிகையின் உள்ளறையில் மரப்பெட்டிக்குள் துணி சுற்றி வைத்த சுவடி நன்றாயிருப்பது இதனால்தான். நல்ல மரம் ஈரத்தை மெல்ல வாங்கி மெல்லக் கொடுக்கும். இரும்பு அலமாரிக்கு அந்தக் குணம் இல்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இக்கரையைத் தாக்கியது; 2015 நவம்பரில் பெருமழை கடலூர் மாவட்டத்தை மூழ்கடித்தது. நனைந்த சுவடியை வெயிலில் காயவைப்பதே எவர்க்கும் முதலில் தோன்றுவது. அது பெருந்தவறு. விரைந்து உலரும் ஓலை முறுக்கிக்கொண்டு பிளக்கும். கட்டைத் தளர்த்தி, ஏட்டுக்கு ஏடு மைஒற்றும் தாள் இட்டு, நிழலில் காற்றோட்டத்தில் உலர்த்தி, தாளை அடிக்கடி மாற்ற வேண்டும்.

அடுத்தது பூச்சி. ஏட்டைத் துளைக்கும் பூச்சிக்குத் தமிழில் ‘இராமபாணம்’ என்று பெயர். மராமரம் ஏழையும் ஓர் அம்பால் துளைத்த சரிதையை வைத்து இப்பெயரை இட்டவர் யாரோ, நல்ல ரஸிகர். உண்மையில் இது ஒரு சிறு வண்டின் புழுப்பருவம். தாய் வண்டு ஓரத்தில் முட்டையிட, புழு வெளிவந்து அடுக்கடுக்காக ஏடுகளைத் துளைத்துச் செல்லும். வசம்பு, வேப்பிலை, மிளகு, கிராம்பு ஆகியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து சுவடியோடு வைத்தனர் நம் முன்னோர். வசம்பிலுள்ள அஸரோன் என்னும் பொருளும் வேம்பிலுள்ள அஸாடிராக்டினும் பூச்சிகளை விலக்குவதோடு அவற்றின் இனப்பெருக்கத்தையும் வளர்ச்சியையும் தடுப்பதை ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. முன்னோர் கைம்முறை பொய்க்கவில்லை. ஆனால் அதன் வரம்பை உணர்தல் வேண்டும். மணம் குறைந்த முடிச்சு பயனற்றது. சில திங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மேலும் முடிச்சு வெளியிலிருந்து வருவதை விலக்குமேயன்றி, ஏற்கெனவே உள்ளே துளைத்துக்கொண்டிருக்கும் புழுவை எட்டாது.

உள்ளிருக்கும் புழுவைக் கொல்ல முன்பு நச்சுப்புகை இட்டனர். அதற்குப் பயன்பட்ட மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுப்பதென உலக உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுவிட்டது. எத்திலீன் ஆக்ஸைடு மனிதர்க்கே தீங்கானது. இன்று அருங்காட்சியகங்கள் விரும்பும் வழி வேறு. காற்றுப் புகாத உறையில் சுவடியை இட்டு, உள்ளிருக்கும் காற்றை நீக்கி நைட்ரஜன் வாயுவை நிரப்பி, ஆக்ஸிஜனை அரை விழுக்காட்டுக்கும் கீழே இறக்கி, மூன்று நான்கு வாரம் வைத்திருத்தல். முட்டை முதல் வண்டு வரை யாவும் மூச்சின்றி மடியும். ஓலையில் நஞ்சு எதுவும் தங்காது. உறையிலிட்டு உறைநிலைக்குக் கீழ் 20 பாகைக்குக் குளிர்விக்கும் முறையும் உண்டு. அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது.

இனி இக்கட்டுரையின் மையமான எண்ணெய்க்கு வருவோம். ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஸரஸ்வதி பூஜையை ஒட்டி, ஏட்டுக்கு எண்ணெய் சாற்றும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. எண்ணெய் என்று சொல்லிவிட்டால் எல்லா எண்ணெயும் ஒன்றாகிவிடாது. எலுமிச்சம்புல்லிலிருந்து வடிக்கும் தைலம் ஆவியாகும் இயல்புடையது. ஓலைக்குள் புகுந்து அதைச் சற்று இளக்கி, பூச்சியையும் பூஞ்சணத்தையும் விலக்கி, பின் தான் பெரும்பாலும் போய்விடும். நல்லெண்ணெய் அவ்வாறன்று. காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகி, ஏட்டோடு ஏட்டை ஒட்டிவிடும். தேங்காயெண்ணெய் பிசினாகாவிடினும் ஆவியாகாது. அங்கேயே தங்கிச் சிக்குப்பிடித்து, தூசியை ஈர்த்து, ஓலையைக் கறுப்பிக்கும். எழுத்தில் தடவிய விளக்குக்கரியும் கறுப்பு, ஓலையும் கறுப்பு என்றானபின் வாசிப்பது எங்ஙனம்?

இது கற்பனையச்சம் அன்று. உடுப்பி மடத்தில் பேணப்பட்ட, மத்வாசார்யரின் ‘ஸர்வமூல க்ரந்தம்’ அடங்கிய, ஏறத்தாழ 700 ஆண்டுப் பழமையுள்ள சுவடிக்கு இக்கதியே நேர்ந்தது. 36 நூல்கள் கொண்ட அத்தொகுதி, காலத்தாலும் தகாத எண்ணெய்ப் பூச்சாலும் கரும்பழுப்பேறி வாசிக்க இயலாதிருந்தது. அமெரிக்காவின் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பி. ஆர். முகுந்த், ராஜர் ஈஸ்டன் முதலியோர் அதனை அகச்சிவப்பொளியில் படம்பிடித்து எழுத்தை மீட்ட செய்தி 2006-இல் வெளியாயிற்று. இதன் உபாயம் எளிது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் எண்ணெயேறிய ஓலையும் கரியும் ஒன்றுபோலவே கறுப்பாகத் தோன்றும். அகச்சிவப்பொளியையோ கரி விழுங்கிவிடும். பழுத்த எண்ணெயும் ஓலையும் அவ்வளவாக விழுங்குவதில்லை. ஆகவே படத்தில் வெளிறிய ஓலைமேல் கரிய எழுத்து எழும். கண்ணுக்குத் தெரியாவிடினும் எழுத்து அங்கேயே இருந்தது என்பதே இதில் நாம் கருத வேண்டியது.

எழுத்து மங்கிற்று என்று ஏட்டை விட்டுவிடும் வழக்கத்துக்கு இது நேர்விடை. சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் 1924 முதல் 1927 வரை முதல்வராயிருந்த உ. வே. சாமிநாதையர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதைக் கேட்டு உள்ளம் நைந்ததைத் தம் வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். பக்தியோடும் விதியோடும் செய்த செயல் அது. எண்ணெய் சாற்றுவோரின் பக்தியிலும் குறைவில்லை. ஓலைக்கு அவ்வேறுபாடு தெரியாது.

படம் எடுத்துவிட்டால் ஓலை வேண்டாவோ எனச் சிலர் வினவுவர். 2003-இல் தொடங்கிய தேசியச் சுவடி இயக்கமும், கடலூருக்கு அண்மையில் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனமும் சுவடிகளை மின்னுருவாக்கிப் பெருந்தொண்டு செய்துள்ளன. ஆனால் இன்றைய படம் இன்றைய ஒளியில் தெரிவதையே காட்டும். உடுப்பி ஏட்டைச் சாதாரண ஒளியில் படமெடுத்து ஓலையை ஆற்றில் விட்டிருந்தால் எஞ்சியிருப்பது கறுப்புப் படமே. மின்கோப்பும் சில ஆண்டுக்கு ஒருமுறை புதிய இடத்துக்கு மாற்றப்படாவிடில் அழியும். படியெடுத்தல் என்னும் பழைய கைங்கர்யம் வேறு உருவில் தொடர்கிறது, அவ்வளவே.

தம் இல்லத்தில் ஸ்ரீகோசம் உடையோர் செய்யத்தக்கவை சில. கட்டை அவிழ்க்குமுன் இருக்கும் நிலையிலேயே படம் எடுத்துக்கொள்க. ஏடுகள் வரிசை மாறியிருப்பதாகத் தோன்றினாலும் தாமே மாற்ற வேண்டா. அம்மாற்றமே சில வேளை சுவடியின் வரலாறு. ஒட்டிய ஏடுகளைக் கத்தியால் பிரிக்கலாகாது. ஈரத்துணியால் துடைத்தல் கூடாது. மெல்லிய தூரிகை போதும். சந்தனமும் குங்குமமும் மேற்பலகையில் சாற்றுக, ஏட்டில் வேண்டா. எலுமிச்சம்புல் தைலமும் சுவடிப் பணி அறிந்தார் கையாலேயே இடப்படுக. கட்டு இறுக்கமாயிருத்தல் நன்று. ஓலை வளையாமலும் பூச்சி எளிதில் நுழையாமலும் காக்கும். ஆனால் நைந்த ஓலையை நூல் அறுக்குமளவுக்கு இறுக்க வேண்டா. உதிர்ந்த துணுக்குகளை, எழுத்துத் தெரியாதவற்றையும் விடாமல், எந்த ஏட்டின் அருகே கிடந்தன என்று குறித்துத் தாளுறையில் இட்டு அக்கட்டோடே வைத்திருக்க.